ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்: பிறக்கும்போது காயப்படும் கைநரம்புகள்



பள்ளியில் சபைக்கூடலின்போது ருக்குன் நெகாரா கோட்பாடுகளைச் சொல்ல நாம் எல்லாரும் வலக்கையை உயர்த்துகிறோம். சில ஆண்டுகளுக்கு முன், படிவம் ஒன்றில் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு மாணவனின் கை மட்டும் பாதியிலேயே நின்றது. முழங்கை பக்கவாட்டில் துருத்திக்கொண்டிருந்தது. விளையாடுகிறான் என்று நினைத்து, "கையை ஒழுங்கா தூக்கு" என்று எல்லாருக்கும் முன்னால் அதட்டிவிட்டேன். "இதுக்கு மேல வராது சார்" என்றான் அவன், தலையைக் குனிந்தபடி.

மறுநாள் அவனுடைய அம்மா பள்ளிக்கு வந்தார். சண்டை போட வரவில்லை. விளக்கம் சொல்ல வந்தார். பிறக்கும்போதே அவன் கைநரம்புகள் காயப்பட்டனவாம். ஐந்து மாதக் குழந்தையாக இருந்தபோது அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. "சாப்பிடுறான், எழுதுறான். இந்த அளவுக்குக் கை வந்ததே எங்களுக்குப் பெரிசு சார்" என்றார். நான் அந்த மாணவனிடம் மன்னிப்புக் கேட்டேன். ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் நரம்பு மண்டலத்தை நடத்துகிற எனக்கு, அந்தக் கையைப் பார்த்ததும் காரணம் தோன்றவில்லையே என்ற வெட்கம் பல நாள் இருந்தது. அதன் பிறகு தேடிப் படித்ததைத்தான் இந்த வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

கழுத்திலிருந்து விரல் நுனிவரை

இடக்கையால் உங்கள் வலப்பக்கக் காறையெலும்பைத் தொட்டுப் பாருங்கள். கழுத்தின் அடியிலிருந்து தோள்வரை குறுக்காகச் செல்லும் எலும்பு அது. அதற்கு மேலே கழுத்துப் பக்கத்தில் ஒரு சிறு பள்ளம் இருக்கும். அந்தப் பள்ளத்தின் அடியில்தான் நம் கையை இயக்கும் நரம்புகள் அனைத்தும் கூடிப் பிரிகின்றன. இந்த அமைப்பைக் கைநரம்புப் பின்னல் என்கிறோம். மருத்துவர்கள் பிராக்கியல் பிளெக்சஸ் என்பார்கள்.

முதுகுத்தண்டுவடத்திலிருந்து ஐந்து நரம்பு வேர்கள் இந்தப் பின்னலுக்கு வருகின்றன. கழுத்துப் பகுதியின் 5, 6, 7, 8ஆம் வேர்கள் நான்கு. மார்புப் பகுதியின் முதல் வேர் ஒன்று. கழுத்தில் முள்ளெலும்புகள் ஏழுதானே, எட்டாவது நரம்பு எப்படி வந்தது என்று நீங்கள் கேட்கலாம். முதல் நரம்பு முதல் முள்ளெலும்புக்கு மேலே வெளிவருகிறது. எட்டாவது நரம்பு ஏழாம் முள்ளெலும்புக்குக் கீழே வெளிவருகிறது. அதனால்தான் எலும்பு ஏழு, நரம்பு எட்டு.

இந்த ஐந்து வேர்களும் வேலையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. பொதுவாகச் சொன்னால், 5ஆம் வேர் தோளைப் பக்கவாட்டில் உயர்த்தவும் கையை வெளிப்புறமாகச் சுழற்றவும் உதவுகிறது. 6ஆம் வேர் முழங்கையை மடக்கவும் மணிக்கட்டை மேல்நோக்கி உயர்த்தவும் உதவுகிறது. 7ஆம் வேர் முழங்கையை நீட்டுகிறது. 8ஆம் வேரும் மார்பின் முதல் வேரும் விரல்களை இயக்குகின்றன. இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கை எந்த அசைவை இழந்திருக்கிறது என்று பார்த்தே எந்த வேர் காயப்பட்டது என்று மருத்துவர் ஊகிப்பது இதைக் கொண்டுதான்.

பிறக்கும் நேரத்தில் என்ன நடக்கிறது?

குழந்தை பிறக்கும்போது பெரும்பாலும் தலை முதலில் வெளிவரும். பிறகு தோள்கள் வரும். சில நேரம் தலை வந்த பிறகு, முன்பக்கத் தோள் தாயின் இடுப்பெலும்பின் பின்னால் சிக்கிக்கொள்கிறது. தோள் அங்கேயே நிற்க, தலை மட்டும் விலகும்போது கழுத்துக்கும் தோளுக்கும் இடையிலுள்ள நரம்புகள் இழுபடுகின்றன. முதலில் இழுபடுவது மேலே இருக்கும் 5, 6ஆம் வேர்கள். இழுவிசை கூடினால் கீழ் வேர்களும் பாதிக்கப்படும்.

பல நாடுகளின் கணக்குகளைப் பார்த்தால், 1,000 பிறப்புகளில் ஏறக்குறைய 1 அல்லது 2 குழந்தைகளுக்கு இக்காயம் ஏற்படுகிறது. குழந்தையின் எடை மிக அதிகமாக இருந்தால் ஆபத்து கூடும். கருவுற்ற காலத்தில் தாய்க்கு இனிப்புநீர் இருந்தால் குழந்தை பெரிதாக வளர வாய்ப்புண்டு. ஆனால் எடை குறைந்த குழந்தைக்கும் இது நேரலாம். அறுவை மூலம் பிறந்த குழந்தைகளுக்குக்கூட அரிதாக நேர்ந்திருக்கிறது. தோள் சிக்கிக்கொண்டால் சில நிமிடங்களுக்குள் குழந்தையை வெளியே எடுக்க வேண்டும். தாமதித்தால் மூச்சுத்திணறி உயிருக்கே ஆபத்து. ஆகவே, கை அசையாத குழந்தையைப் பார்த்ததும் தாயையோ, மருத்துவரையோ, தாதியையோ குறை சொல்லிவிட முடியாது.

மேல் வேர்கள் மட்டும் காயப்பட்ட குழந்தையின் கை ஒரு குறிப்பிட்ட நிலையில் கிடக்கும். தோள் உட்புறமாகத் திரும்பியிருக்கும், முழங்கை நீண்டிருக்கும், மணிக்கட்டு மடங்கி, உள்ளங்கை பின்னோக்கிப் பார்க்கும். உணவகப் பணியாளர் யாருக்கும் தெரியாமல் கையைப் பின்னால் நீட்டி அன்பளிப்புக் காசு வாங்குவதைப் போன்ற நிலை. நீங்களே அப்படி நின்று பாருங்கள். பிறகு மேலே சொன்ன வரிசையோடு ஒப்பிடுங்கள். 5, 6ஆம் வேர்களின் வேலைகள் மட்டும் இல்லாமல் போனால் கை சரியாக இந்த நிலைக்குத்தான் வரும்.

வெளியே ஒரே தோற்றம், உள்ளே நான்கு வகை

நரம்பு என்பது ஒற்றை இழை அன்று. தொலைபேசிக் கேபிளைப் போல, ஓர் உறைக்குள் ஆயிரக்கணக்கான ஆக்ஸான்கள் கட்டுக்கட்டாகச் செல்கின்றன. இழுபட்ட நரம்பில் நான்கு வகைக் காயங்கள் ஏற்படலாம்.

முதல் வகையில், நரம்பு நீண்டுவிட்டது. ஆனால் ஆக்ஸான் எதுவும் அறுபடவில்லை. சமிக்ஞை மட்டும் தற்காலிகமாக நின்றுபோகிறது. சில வாரங்களில் கை தானாகவே அசையத் தொடங்கும்.

இரண்டாம் வகையில், உள்ளே ஆக்ஸான்கள் அறுந்துவிட்டன. ஆனால் அவற்றைச் சுற்றியுள்ள உறைக்குழாய்கள் அப்படியே இருக்கின்றன. ஆக்ஸான்கள் அந்தக் குழாய்கள் வழியே மீண்டும் வளர முடியும். இதற்கு மாதக்கணக்கில் ஆகும்.

மூன்றாம் வகையில், உறையோடு சேர்த்து நரம்பே கிழிந்துவிடுகிறது. வளர முயலும் ஆக்ஸான்கள் வழி தெரியாமல் வடுத்திசுவுக்குள் சிக்கி ஒரு முடிச்சாகிவிடுகின்றன. இந்த நரம்பு முடிச்சை நியூரோமா என்பார்கள்.

நான்காம் வகைதான் மிகக் கடுமையானது. நரம்பு வேர் தண்டுவடத்திலிருந்தே பிடுங்கப்பட்டுவிடுகிறது. கம்பி அறுந்தால் ஒட்டுப் போடலாம்; சுவரிலிருந்து பிளக்கே பெயர்ந்து வந்துவிட்டால் எங்கே கொண்டுபோய் ஒட்டுவது? அந்த நிலைதான் இது.

பிறந்த முதல் நாளில் இந்த நான்கும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும்: கை அசையாது, அவ்வளவுதான். ஒரே குழந்தையிடம் ஒரு வேர் நீண்டும், அடுத்த வேர் கிழிந்தும், இன்னொன்று பிடுங்கப்பட்டும் இருக்கலாம்.

ஆனால் சில தடயங்கள் உண்டு. கை அசையாத பக்கத்துக் கண்ணின் இமை சற்றுத் தாழ்ந்து, கண்மணியும் சிறுத்திருந்தால் மருத்துவர் உடனே கவனிப்பார். கைக்கும் கண்ணுக்கும் என்ன தொடர்பு? கண்மணியை விரியச் செய்யும் தானியங்கு நரம்பிழைகள் மார்பின் முதல் வேர் வழியாகத்தான் தண்டுவடத்தைவிட்டு வெளியேறுகின்றன. அந்த வேர் தண்டுவடத்துக்கு அருகிலேயே பிய்ந்துபோனால் கண்ணும் சேர்ந்து காட்டிக்கொடுத்துவிடும். தானியங்கு நரம்பு மண்டலத்தைப் பாடநூலில் படிக்கும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆக்ஸானுக்கும் தசைக்கும் ஓட்டப்பந்தயம்

1850இல் ஆங்கிலேய அறிஞர் ஆகஸ்டஸ் வாலர் தவளையின் நாக்கு நரம்பை வெட்டி, நுண்ணோக்கியில் கவனித்தார். வெட்டுக்கு அப்பாலுள்ள ஆக்ஸான் பகுதி சிதைந்துபோவதை அவர் கண்டார். காரணம் எளிது. நரம்பணுவின் உடலில்தான் உட்கரு இருக்கிறது. அதோடு தொடர்பு அற்ற பகுதி பிழைக்காது. ஆனால் உட்கருவோடு இணைந்திருக்கும் பகுதி புதிதாகத் துளிர்விட்டு வளரும்.

எவ்வளவு வேகமாக? ஏறத்தாழ ஒரு நாளைக்கு 1 மில்லிமீட்டர். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு குழந்தையின் கழுத்திலுள்ள காயத்திலிருந்து முழங்கையை மடக்கும் இருதலைத் தசைவரை 12 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 120 மில்லிமீட்டர், ஆக 120 நாள். அதாவது 4 மாதம். விரல் தசைகள் 25 சென்டிமீட்டர் தொலைவில் இருந்தால் 250 நாள். 8 மாதத்துக்கும் மேல்.

நரம்பு மெதுவாக வந்து சேரட்டும், தசை காத்திருக்காதா? காத்திருக்கும், ஆனால் எப்போதும் அன்று. சமிக்ஞை வராத தசை மெலிகிறது. நரம்பும் தசையும் சந்திக்கும் இணைப்பிடங்கள் அழியத் தொடங்குகின்றன. தசை நார்கள் இருந்த இடத்தைக் கொழுப்பும் நார்த்திசுவும் பிடித்துக்கொள்கின்றன. ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டுக்குள் நரம்பு வந்து சேராவிட்டால் தசையை முழுமையாக மீட்பது கடினம் என்பது மருத்துவர்கள் பொதுவாகக் கொள்ளும் கணக்கு.

இப்போது பெற்றோரின் இக்கட்டு உங்களுக்குப் புரியும். ஓராண்டு காத்திருந்து, "சரி, தானாக வராது" என்று தெரிந்த பிறகு அறுவை செய்தால், நரம்பு வளர்ந்து சேர்வதற்குள் தசை போய்விடும். முதல் மாதமே அறுவை செய்தாலோ, தானாகவே குணமாகியிருக்கக்கூடிய நரம்பை வெட்டிவிடும் ஆபத்து உண்டு. பெரும்பாலான குழந்தைகள் அறுவையின்றியே நல்ல முன்னேற்றம் காண்பவர்கள். எந்தக் குழந்தை காத்திருக்கலாம், எந்தக் குழந்தை காத்திருக்கக் கூடாது? இந்தச் சிகிச்சையின் மையக் கேள்வியே இதுதான்.

ஒரு பேரரசரின் இடக்கை

முதல் உலகப் போர் பற்றிய பாடத்தில் ஜெர்மனியின் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்மின் படத்தைப் பார்த்திருப்பீர்கள். அவர் 1859 ஜனவரி 27ஆம் நாள் பெர்லினில் பிறந்தார். தலைக்குப் பதிலாக உடலின் பின்புறம் முதலில் வந்த, மிகவும் சிக்கலான பிறப்பு. அதில் அவருடைய இடக்கை நரம்புகள் காயப்பட்டன. வளர்ந்த பிறகு அந்தக் கை வலக்கையைவிட ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் குட்டையாக இருந்தது. படங்களில் அவர் இடக்கையை வாளின் பிடியில் வைத்திருப்பார். அல்லது கையுறையைப் பிடித்திருப்பார். குறை வெளியே தெரியாமலிருக்கத்தான் அந்த ஏற்பாடு.

அரச குடும்பத்துக் குழந்தைக்கே அன்று கிடைத்த சிகிச்சை என்ன தெரியுமா? இடக்கை வேலை செய்யட்டும் என்று நல்ல வலக்கையைக் கட்டிப்போட்டார்கள். மின்சாரம் பாய்ச்சினார்கள். அப்போதுதான் கொன்ற முயலின் சூடான உடலுக்குள் கையை வைத்தார்கள். பயன் எதுவும் கிட்டவில்லை. நரம்பு எப்படி வளர்கிறது என்று தெரியாத காலத்தில் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாதுதான்.

அறிவு படிப்படியாகத்தான் சேர்ந்தது. 1872இல் பிரான்சின் டூஷேன், பிறப்பின்போது கை செயலிழந்த 4 குழந்தைகளைப் பற்றி எழுதினார். 1874இல் ஜெர்மனியின் வில்ஹெல்ம் எர்ப், 5, 6ஆம் வேர்கள் ஒன்றுசேரும் இடத்தில் காயம் ஏற்பட்டால் எந்தெந்தத் தசைகள் சேர்ந்து செயலிழக்கும் என்று காட்டினார். 1885இல் பாரிசில் மருத்துவ மாணவியாக இருந்த அகஸ்டா கிளும்ப்கே, கீழ் வேர்களின் காயத்தை விவரித்தார். அந்தக் காயத்துக்கும் கண்மணி சிறுப்பதற்கும் உள்ள தொடர்பை விளக்கியவர் அவர்தான். பெண்கள் மருத்துவமனைப் பயிற்சி இடம் பெறவே போராட வேண்டியிருந்த காலம் அது. இன்றும் மேல் வேர்க் காயம் எர்ப் பெயராலும், கீழ் வேர்க் காயம் கிளும்ப்கே பெயராலும் அழைக்கப்படுகின்றன.

1903இல் கிளாஸ்கோவின் ராபர்ட் கென்னடி, குழந்தைகளின் கழுத்தைத் திறந்து, வடுவை வெட்டியெடுத்து, நரம்பு முனைகளைத் தைத்த அறுவை சிகிச்சைகளை வெளியிட்டார். துணிச்சலான தொடக்கம். ஆனால் அறுவை நுண்ணோக்கி இல்லை; மெல்லிய நூல் இல்லை; பச்சிளங்குழந்தைக்குப் பாதுகாப்பான மயக்க மருந்து முறையும் இல்லை. 1925இல் பாஸ்டனின் ஜேம்ஸ் செவர் 1,100 நோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்து, நரம்பு அறுவையால் தனிப் பயன் இல்லை என்ற முடிவுக்கு வந்தார். அதன் பிறகு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு மருத்துவர்கள் இந்த அறுவையைக் கைவிட்டார்கள்.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. அந்தக் கருத்து தவறானது அன்று, கருவிதான் போதவில்லை. 1960, 70களில் அறுவை நுண்ணோக்கி வந்தது. வியன்னாவின் ஹன்னோ மில்லசி, நரம்பை இழுத்துத் தைக்காமல் இடையே ஒட்டு வைத்துத் தைத்தால் நன்றாக வளர்கிறது என்று காட்டினார். 1970களின் பிற்பகுதியிலிருந்து பாரிசில் அலேன் கில்பெர்ட் இந்த முறையைக் குழந்தைகளுக்குக் கொண்டுவந்தார். கைவிடப்பட்ட அறுவைக்கு மறுவாழ்வு கிடைத்தது.

மூன்றாம் மாதமும் ஒரு பிஸ்கட்டும்

எப்போது அறுவை செய்வது என்ற கேள்விக்குக் கில்பெர்ட்டின் குழுவினர் ஒரு விடை தந்தார்கள். தானாகக் குணமடையும் குழந்தைகளைக் கவனித்தபோது, நன்றாகத் தேறியவர்களுக்கு மூன்றாம் மாதத்துக்குள் இருதலைத் தசை இயங்கத் தொடங்கியிருந்தது. மூன்று மாதமாகியும் முழங்கை மடங்கவே இல்லையென்றால் அறுவை செய்வது நல்லது என்றார்கள்.

கனடாவின் டொரோண்டோ மருத்துவர்களுக்கு இது போதுமானதாகத் தோன்றவில்லை. மூன்றாம் மாதத்தில் அசையாத சில குழந்தைகள் ஆறாம் மாதத்தில் அசைவதையும் அவர்கள் பார்த்தார்கள். எனவே முழங்கை, மணிக்கட்டு, விரல் எனப் பல அசைவுகளுக்கும் மதிப்பெண் தந்து முடிவெடுத்தார்கள். மதிப்பெண் குறைவாக இருந்தால் மூன்றாம் மாதமே அறுவை. நடுநிலையில் இருப்பவர்களைத் தொடர்ந்து கவனித்து, ஒன்பதாம் மாதத்தில் ஒரு சோதனை வைத்தார்கள். அந்தச் சோதனைக்கு வேண்டியது ஒரே ஒரு பிஸ்கட்.

குழந்தையின் கையில் பிஸ்கட்டைக் கொடுத்து, முழங்கையை உடலோடு சேர்த்துப் பிடித்துக்கொள்வார்கள். குழந்தை முழங்கையை மடக்கிப் பிஸ்கட்டை வாய்க்குக் கொண்டுபோக வேண்டும். கழுத்தை அதிகமாகக் குனிந்து, வாயைப் பிஸ்கட்டுக்குக் கொண்டுபோனால் தேர்ச்சி இல்லை. நீங்களும் செய்து பாருங்கள். எத்தனை தசைகளுக்கு இதில் வேலை என்று தெரியும்.

எந்த மாதத்தில் அறுவை செய்வது என்பதில் இன்றும் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் ஒன்றில் எல்லாரும் உடன்படுகிறார்கள். கை முழுவதும் துவண்டு, கண்ணிமையும் தாழ்ந்திருக்கும் குழந்தையைக் காத்திருக்க வைக்கக் கூடாது. மற்றவர்களுக்குப் பெரும்பாலும் 3 முதல் 9 மாத வயதுக்குள் முடிவெடுக்கிறார்கள்.

அறுவைக் கூடத்தில்

குழந்தையை முழு மயக்கத்தில் ஆழ்த்துகிறார்கள். காறையெலும்புக்கு மேல் தோலைத் திறந்து, நுண்ணோக்கி வழியே பார்த்து, ஒவ்வொரு வேராகத் தேடிப் பிரிக்கிறார்கள். பிறகு சிறிய மின்தூண்டியால் நரம்பைத் தொடுகிறார்கள். தசை துடித்தால் வழி திறந்திருக்கிறது, துடிக்காவிட்டால் அடைபட்டிருக்கிறது.

நரம்பு முடிச்சு இருந்தால் அதை வெட்டியெடுக்க வேண்டும். இது கடினமான முடிவு. முடிச்சு வழியே சிறிதளவு சமிக்ஞை கடந்துகொண்டிருக்கலாம். வெட்டினால் அதுவும் போய்விடும். இன்று இருக்கும் கொஞ்சத்தை இழந்தால்தான் நாளை நிறையக் கிடைக்கும் என்ற நிலை.

முடிச்சை எடுத்ததும் நரம்பில் இடைவெளி விழுகிறது. இரு முனைகளையும் இழுத்துத் தைத்தால் இறுக்கத்தில் இரத்த ஓட்டம் குறைந்து நரம்பு வளராது. அதனால் குழந்தையின் கெண்டைக்காலின் பின்புறத்திலிருந்து சூரல் நரம்பு என்ற உணர்நரம்பை எடுக்கிறார்கள். அதை எடுத்தால் பாதத்தின் வெளியோரத்தில் கொஞ்சம் உணர்ச்சி குறையும். நடையில் குறை வராது. அந்த நரம்பைத் துண்டுகளாக்கி, இடைவெளியில் பக்கம்பக்கமாக வைத்து, தலைமுடியைவிட மெல்லிய நைலான் நூலால் தைக்கிறார்கள். பல இடங்களில் ஃபைப்ரின் பசையால் ஒட்டுகிறார்கள். இரத்தம் உறைவதைப் படித்தபோது வந்த அதே ஃபைப்ரின்தான்.

இங்கே நீங்கள் ஒரு கேள்வி கேட்க வேண்டும். வெட்டியெடுத்த காலின் நரம்பிலுள்ள ஆக்ஸான்கள் வாலர் சொன்னபடி இறந்துவிடுமே, பிறகு அதனால் என்ன பயன்? ஆக்ஸான்கள் இறந்துவிடும், உண்மைதான். ஆனால் அவற்றைச் சுற்றியிருந்த குழாய்களும் அவற்றிலுள்ள ஷ்வான் செல்களும் எஞ்சியிருக்கும். வீடு கட்டும்போது சுவருக்குள் முதலில் வெறும் குழாயைப் பதித்துவிட்டு, மின்கம்பியைப் பிறகு இழுப்பார்கள் அல்லவா? காலிலிருந்து வந்த நரம்பு அந்த வெறும் குழாய். கழுத்திலிருந்து வளரும் புதிய ஆக்ஸான்களே கம்பி.

வேர் தண்டுவடத்திலிருந்தே பிடுங்கப்பட்டிருந்தால் ஒட்டு வைத்துப் பயனில்லை. அப்போது நரம்பு மாற்று முறை கைகொடுக்கிறது. நன்றாக இயங்கும் வேறொரு நரம்பின் ஒரு கிளையைக் கொண்டுவந்து, செயலிழந்த நரம்போடு இணைக்கிறார்கள். தோளைக் குலுக்க உதவும் 11ஆம் மண்டை நரம்பின் கடைசிக் கிளையைத் தோள்பட்டைத் தசைகளின் நரம்போடு இணைப்பது ஒரு வழி. விரல்களுக்குச் செல்லும் அல்னார் நரம்பிலிருந்து ஒரே ஒரு கட்டை மட்டும் பிரித்து, இருதலைத் தசையின் நரம்போடு இணைப்பது இன்னொரு வழி. இந்த இரண்டாம் முறையை 1994இல் பிரான்சின் கிறிஸ்தோஃப் ஓபெர்லின் பெரியவர்களுக்காக வெளியிட்டார். பின்னர் குழந்தைகளுக்கும் பயன்பட்டது. தசைக்கு மிக அருகிலேயே இணைப்பதால் ஆக்ஸான் ஓட வேண்டிய தூரமும் குறைகிறது.

விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள மூச்சு நரம்புகளையும் இப்படி இணைப்பதுண்டு. அப்போது தொடக்கத்தில் மூச்சை ஆழமாக இழுக்கும்போதுதான் முழங்கை மடங்கும்! பயிற்சியால் மூளை மெல்ல மெல்லப் புதிய வழியைக் கற்றுக்கொள்கிறது.

தோள்பட்டைக்குக் காத்திருக்கும் இரண்டாம் சிக்கல்

நரம்பு வளர்ந்துவிட்டால் எல்லாம் முடிந்ததா? இல்லை. தோளை வெளிப்புறம் சுழற்றும் தசைகள் 5, 6ஆம் வேர்களை நம்பியவை. உட்புறம் சுழற்றும் தசைகள் பலவற்றுக்குக் கீழ் வேர்களிலிருந்தும் நரம்பு வருகிறது. கயிறு இழுக்கும் போட்டியில் ஒரு பக்கம் மட்டும் ஆள் குறைந்தால் என்ன ஆகும்? தோள் எப்போதும் உட்புறமாகவே திரும்பி நிற்கும். பிறகு அந்த நிலையிலேயே இறுகிவிடும்.

வளரும் குழந்தைக்கு இது எலும்பையும் பாதிக்கிறது. தோள் மூட்டு ஒரு பந்தும் கிண்ணமும் போன்றது. பந்து நடுவில் அமர்ந்து சுழன்றால்தான் கிண்ணம் சரியான வடிவில் வளரும். எப்போதும் ஒரே பக்கம் தள்ளப்பட்டால் பந்து பின்னோக்கி நழுவும், கிண்ணம் தட்டையாகும்.

இதைத் தடுக்கப் பெற்றோர் முதல் மாதங்களிலிருந்தே நாள்தோறும் பயிற்சி கொடுக்க வேண்டும். குழந்தையின் முழங்கையை உடலோடு சேர்த்துப் பிடித்து, முன்கையை மெதுவாக வெளிப்புறம் திருப்புவது அவற்றில் முக்கியமானது. துணி மாற்றும்போதெல்லாம் செய்யலாம். எளிய வேலைதான், ஆனால் ஒரு நாளும் விடக்கூடாது.

அதையும் மீறித் தோள் இறுகினால், இறுகிய தசையைத் தளர்த்தும் அறுவை உண்டு. தசைநாணை இடம் மாற்றும் அறுவையும் உண்டு. முதுகின் அகன்ற தசை, மேற்கை எலும்பின் முன்பக்கத்தில் ஒட்டியிருப்பதால் சுருங்கும்போது கையை உட்புறம் சுழற்றுகிறது. அதே நாணைக் கழற்றி எலும்பின் பின்புறமாகப் பொருத்தினால் அதே தசை கையை வெளிப்புறம் சுழற்றும். தசை மாறவில்லை, விசை செயல்படும் இடம் மாறியது. 1934இல் லெப்பிஸ்கோப்போ வெளியிட்ட இந்தக் கருத்தை மருத்துவர்கள் இன்றும் திருத்தியமைத்துப் பயன்படுத்துகிறார்கள். இயற்பியலில் திருப்புதிறன் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதோ ஒரு விடை.

பிறகு என்ன?

நரம்பு அறுவை முடிந்து வீடு திரும்பும்போது கையில் எந்த மாற்றமும் தெரியாது. சில வாரங்களுக்குக் கையை அசையாமல் கட்டி வைப்பார்கள். பிறகு பயிற்சி; மாதக்கணக்கில் காத்திருப்பு. ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் என்ற கணக்கு உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். ஒரு நாள் தசை லேசாகத் துடிக்கும். பிறகு முழங்கை மடங்கும். தோள் உயர இன்னும் நாளாகும். முழுப் பலன் தெரிய ஆண்டுகள் ஆகலாம். கடுமையாகக் காயப்பட்ட கை மறு கையைப் போலவே ஆகிவிடும் என்று எந்த நேர்மையான மருத்துவரும் உறுதி சொல்லமாட்டார். சோற்றுக் கவளத்தை வாய்க்குக் கொண்டுபோக, பையைத் தூக்க, பென்சிலைப் பிடிக்க ஒரு கை கிடைக்கிறது. அதுவே பெரிய வெற்றி.

என் மாணவனுக்குக் காறையெலும்பின் மேல் மெல்லிய கோடு ஒன்று உண்டு. இரு கெண்டைக்கால்களின் பின்புறமும் கோடுகள் உண்டு. நரம்பு மண்டலப் பாடத்தின்போது தன் கதையை அவனே வகுப்பில் சொன்னான். "என் கைக்குள்ள என் கால் இருக்கு" என்று அவன் சொன்னதும் வகுப்பே சிரித்தது, பிறகு அமைதியானது. இப்போதும் சபைக்கூடலில் அவன் கை பாதிவரைதான் உயர்கிறது. கோட்பாடுகளைச் சொல்லும் குரல் மட்டும் மற்றவர்களுடையதைவிடச் சற்று உரத்துக் கேட்கும்.

உங்கள் வகுப்பிலும் அப்படி ஒருவர் இருக்கலாம். உயராத கையைப் பார்த்தால், அதட்டுவதற்கு முன் என்னைப் போல் அவசரப்படாமல் ஒரு நிமிடம் யோசியுங்கள்.

சிந்தித்து விடை எழுதுங்கள்

1. ஒரு குழந்தைக்கு 5ஆம் மாதத்தில் நரம்பு ஒட்டு வைக்கப்படுகிறது. அங்கிருந்து இருதலைத் தசை 130 மில்லிமீட்டர் தொலைவில் உள்ளது. ஆக்ஸான் தசையை எட்டும்போது குழந்தையின் வயது ஏறத்தாழ எத்தனை மாதம்? அறுவை 14ஆம் மாதத்தில் நடந்திருந்தால் என்ன சிக்கல் எழும்?

2. ஒரு குழந்தையால் முழங்கையை மடக்க முடியவில்லை. ஆனால் விரல்களால் பொம்மையை இறுகப் பிடிக்கிறது. எந்த வேர்கள் காயப்பட்டிருக்கும்? எவை நலமாக உள்ளன?

3. வேர் தண்டுவடத்திலிருந்து பிடுங்கப்பட்டால் நரம்பு ஒட்டு ஏன் பயன்படாது? நரம்பு மாற்று எப்படி உதவுகிறது?

4. 1925இல் பயனற்றது என்று கைவிடப்பட்ட ஒரு முறை, பிறகு பயனுள்ளதாக மாறியது. அறிவியலில் ஒரு முடிவை மறுபரிசீலனை செய்ய என்னென்ன காரணங்கள் இருக்கலாம்? நண்பர்களோடு கலந்துரையாடுங்கள்.

விடைகளை உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் மீண்டும் சந்திப்போம்.